அப்ராஸின் உம்மா இல்லாத குறூப்

அப்ராஸ் மௌத்தாகி, அவனை அடக்கம் செய்து ஒரு மாதம் கழிந்த பிறகும் அவனுடைய உம்மா கமீலாவின் பெயரை நீச்சல் கழகத்தின் வட்ஸ்அப் குறூப்பிலிருந்து யாரும் நீக்கவில்லை. நீக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. அவளும் தானாக விலகவில்லை.

அந்தக் குறூப்பைத் தொடங்கியவர் ஜெஸீம் சேர். பாடசாலையின் உடற்கல்வி ஆசிரியர், வயது முப்பத்துநான்கு. சுனாமி கண்ட சாய்ந்தமருதில் கடலுக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்கிற பிள்ளைகளைக் கடலில் கால் நனைக்கக்கூடப் பெற்றோர் விடமாட்டார்கள். ஏன் என்று யாரும் யாரிடமும் கேட்பதில்லை. அப்படிப்பட்ட ஊரில், வருடத்துக்கு இருபது பிள்ளைகளையாவது நீந்தத் தெரிந்தவர்களாக ஆக்கிவிட வேண்டும் என்று புறப்பட்டவர் அவர். பக்கத்தில் தடாகம் எதுவும் கிடையாது. ஊருக்கு மேற்கே ஆறு வளைகிற இடத்தில், ஓட்டம் குறைந்த பக்கமாகப் பார்த்துக் கம்புகள் நட்டுக் கயிறு கட்டி, ஐம்பது மீற்றர் அளந்து வைத்திருந்தார். சனிக்கிழமை காலை ஆறரைக்கு அங்கே விசில் ஊதுவார். பத்து மணிக்கு முன்பே பெற்றோரின் போனில் செய்தி வந்துவிடும்.

அவர் செய்தி எழுதுகிற விதமே தனி. 'இன்று வருகை 23 பேர். தரம் ஆறு சப்ரி முதன்முறையாகக் கயிற்றைப் பிடிக்காமல் இருபத்தைந்து மீற்றர் கடந்தார். மாஷா அல்லாஹ். பஸாலின் கால் வீச்சு திருந்தியுள்ளது, மூச்சு இன்னும் திருந்த வேண்டும். பிள்ளைகளை வெறும் வயிற்றில் அனுப்ப வேண்டாம்.' பதினொரு வயதுப் பிள்ளையைக்கூட 'கடந்தார், வந்தார்' என்றுதான் எழுதுவார். கமீலா அதை வாசித்துச் சிரிப்பாள். பிறகு தன்னுடைய மகனின் பெயர் எங்கே வருகிறது என்று தேடுவாள்.

செப்டெம்பர் மாதத்தில் ஒருநாள் தேட வேண்டிய தேவை இருக்கவில்லை. செய்தியே அவனைப் பற்றியதுதான். 'மாகாண மட்டம், பதினாறு வயதின் கீழ், ஐம்பது மீற்றர் பிரீஸ்டைல். அப்ராஸ் மூன்றாமிடம். நேரம் 29.4 செக்கன். நமது பாடசாலை நீச்சலில் மாகாண மட்டத்தில் பெற்ற முதற் பதக்கம். அல்ஹம்துலில்லாஹ்.' கமீலா அதைக் கட்டாரில் இருக்கும் தம்பிக்கு அனுப்பினாள். மருதமுனையில் கட்டிக்கொடுத்த நாத்தனாருக்கு அனுப்பினாள். போன் பாவிக்கத் தெரியாத பக்கத்து வீட்டு ஹாஜறாவுக்கு நேரில் போய் வாசித்துக் காட்டினாள்.

நவம்பர் நடுவில் அவன் இல்லை.

காய்ச்சல் என்று ஒரு வெள்ளிக்கிழமை படுத்தான். பனடோல் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கண் இரண்டும் சிவந்து, கெண்டைக்கால் நோகுது உம்மா, தொட வேணாம் என்று அழுதான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். எலிக் காய்ச்சல், எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து புண் வழியாக ஏறுவது என்றார்கள். சிறுநீரகங்கள் நின்றுபோயின, அதன்பின் நெஞ்சுக்குள் இரத்தம் கசிந்தது. ஆறு நாள் வைத்துப் பார்த்தார்கள். அவர்கள் செய்யாமல் விட்டது ஒன்றுமில்லை என்று கமீலாவுக்கு நன்றாகத் தெரியும்.

முதல் நாள் அங்கே, தமிழை நிறுத்தி நிறுத்திக் கதைக்கிற ஒரு சிங்கள டொக்டர் தாளும் பேனையுமாக வந்து கேட்டார். "கடைசி ரெண்டு கிழமைக்குள்ள இவர் தண்ணிக்குள்ள இறங்கினவரா? வயல், வாய்க்கால், ஆறு?"

கமீலா கணவனின் முகத்தைப் பார்த்தாள். அபுல் ஹஸன் கட்டிலின் கம்பியைப் பிடித்தபடி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆத்துல நீந்துற புள்ள சேர்," என்றாள் கமீலா. "ஸ்கூல் நீச்சல் கழகத்துல இரிக்கார். சனிக்கிழமை சனிக்கிழமை ஆத்துலதான்."

டொக்டர் எழுதிக்கொண்டார். வயல் என்ற சொல்லுக்கு அவள் பதில் சொல்லவில்லை. அவரும் திருப்பிக் கேட்கவில்லை. எந்தத் தண்ணீராக இருந்தாலும் மருந்து ஒன்றுதான்.

வயலுக்கும் அவன் போயிருந்தான். காய்ச்சல் வருவதற்குப் பத்து நாள் முந்தி. நற்பிட்டிமுனைப் பக்கம் அபுல் ஹஸனுக்கு இரண்டு ஏக்கர் பூமி இருந்தது. பெரும்போக விதைப்புக்காக அன்று வேலையாட்கள் இறங்கியிருந்தார்கள். வழமையாகச் சோறு கொண்டுபோகிறவர் வரவில்லை. முந்திய நாள்தான் அப்ராஸ் பந்தடிக்கப் போய்ப் போத்தல் ஓடு குத்திக் குதிகாலைப் பிளந்துகொண்டு வந்திருந்தான். கால் நோகுது, வேறு யாரையாவது அனுப்புங்க என்றான். கமீலாவுக்கு அடுப்படியில் ஆயிரம் வேலை.

"நீந்தப் போகக்குள்ள நோவாத காலு, வாப்பாக்குச் சோறு கொண்டுபோகத்தான் நோவுதா?" என்று கேட்டாள்.

அவன் சிரித்துவிட்டான். சோற்று வாளியைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு போனான். பின்னேர அஸர் தொழுகைக்கு முன் திரும்பி வந்தான். அந்த வயலுக்குப் போகிறவர்கள் வாய்க்காலைக் கடந்துதான் போக வேண்டும், முழங்கால் அளவு தண்ணீர் கிடக்கும் என்பது அவளுக்கு முன்பே தெரியும். ஆனால் அது நினைவுக்கு வந்தது டொக்டர் கேட்ட பிறகுதான். அடுத்து வந்த சனிக்கிழமை அதே காலோடு ஆற்றுக்கும் போய் வந்தான். ஆகவே ஆறாகவும் இருக்கலாம், வாய்க்காலாகவும் இருக்கலாம். இந்த நோய் எந்தத் தண்ணீரில் தொற்றியதென்று யாரும் அறுதியாகச் சொல்ல முடியாது என்று டொக்டரே பொதுவாகச் சொல்லியிருந்தார். அந்தச் சொல்லைக் கமீலா இறுகப் பிடித்துக்கொண்டாள்.

ஜனாஸா அடக்கி இரண்டாம் கிழமை சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்கு வந்தார். அதே கேள்வியைக் கேட்டார். அதே பதிலைச் சொன்னாள். இரண்டாந்தரம் சொல்லும்போது அது முதல் தரத்தைவிட இலேசாக வாயில் வந்தது. அபுல் ஹஸன் அப்போதும் பக்கத்தில்தான் இருந்தார், தேத்தண்ணி எடுத்துவரப் போகிறேன் என்று எழும்பி உள்ளே போய்விட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் கமீலாவின் காதுக்கு வேலிக்கு மேலாக வந்தவை. ஆற்று வளைவில் நீந்தத் தடை என்று பலகை நட்டார்கள். கயிற்றையும் கம்புகளையும் பிடுங்கினார்கள். எழுத்தில் அனுமதி எடுக்காமல் மாணவரை ஆற்றில் இறக்கியதற்காக ஜெஸீம் சேரைக் கல்வி அலுவலகத்துக்குக் கூப்பிட்டு விசாரித்தார்கள். சந்தையில், பள்ளிவாசல் முன்றலில், சலூனில், அந்த மனிசன்தான் புள்ளைய ஆத்துல கொண்டுபோய் இறக்கிக் கொன்றது என்று கதை போனது. அப்ராஸின் சந்தூக்குப் பெட்டியைத் தோளில் சுமந்து, அடக்கிய மையவாடி வரை வந்தவர் ஜெஸீம் சேர். மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் வீட்டுக்கு வந்து, ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியைத் தொடாமல் இருந்துவிட்டுப் போனார். அதன் பிறகு அவர் வருவது நின்றது.

குறூப்பும் நின்றது. 'மறு அறிவித்தல் வரை பயிற்சிகள் இல்லை' என்பதுதான் கடைசிச் செய்தி. அதற்கு மேலே ஐம்பது பேர் 'இன்னா லில்லாஹி' போட்டிருந்தார்கள். கமீலா தினமும் அதைத் திறந்து பார்ப்பாள். ஜனவரி போனது, நோன்பு போனது, பெருநாள் போனது. ஒரு எழுத்துக்கூட வரவில்லை. கழகத்தையே மூடிவிட்டார்கள் என்றுதான் நினைத்தாள். நான் அந்த டொக்டரிடம் சொன்ன ஒரு சொல்லால் இருபத்துமூன்று பிள்ளைகளின் நீச்சல் போய்விட்டது என்று நினைத்தாள். தொழுகையில் அதைச் சொல்லி அழுவாள். எழும்பியதும் வாயை மூடிக்கொள்வாள்.

ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை பின்னேரம், கல்முனையில் ஒரு இனிப்புக் கடைக்குள் அவள் நுழைந்தபோது பஸாலின் உம்மா, சித்தி லைலா என்று பெயர், அங்கே நின்றாள். பஸாலும் அப்ராஸும் ஒரே வகுப்பு, ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தவர்கள். சித்தி லைலாவின் கையில் பெரிய லட்டுப் பெட்டி. கமீலாவைக் கண்டதும் அவள் அதைப் பின்பக்கமாக மறைத்தாள். பெட்டி பெரியது, மறையவில்லை.

கடைக்காரருக்கு ஒன்றும் தெரியாது. மகனுக்கு மாகாணத்தில் முதலிடமாமே, நீச்சலில் இந்தப் பக்கத்துக்கே முதல் தங்கமாமே என்று சித்தி லைலாவிடம் வாய் நிறையக் கதைத்துக்கொண்டிருந்தார். சித்தி லைலாவின் முகம் செத்துப்போனது. கமீலாவின் கையைப் பிடித்து, "ராத்தா, நான் வந்து சொல்லத்தான் இருந்த," என்றாள். அவள் அப்படி எண்ணியிருக்கவில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரிந்தது. கமீலா, சந்தோசம் புள்ள, அல்லாஹ் பறக்கத் செய்யட்டும் என்று சொல்லிவிட்டு, வாங்க வந்ததை வாங்காமல் வெளியே வந்தாள்.

வீட்டில் மகள் றிபாவைப் பிடித்துக் கேட்டாள். றிபா அதே பாடசாலையில் தரம் ஏழு. முதலில் தெரியாது என்றாள். பிறகு அழுதுகொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். ஜனவரியிலிருந்தே கழகம் நடக்கிறது. சனிக்கிழமைகளில் பஸ் பிடித்து இன்னோர் ஊரின் தடாகத்துக்குப் போகிறார்கள். வேறு குறூப் ஒன்று இருக்கிறது. பழைய குறூப்பில் இருந்த எல்லாரும் அதில் இருக்கிறார்கள், உம்மாவைத் தவிர. வெள்ளிக்கிழமை காலைக் கூட்டத்தில் பஸாலை மேடையில் ஏற்றிப் பதக்கம் போட்டார்கள்.

"பஸால்ட நேரம் என்ன?" என்று கேட்டாள் கமீலா.

றிபா நிலத்தைப் பார்த்தாள். "இருவத்தெட்டு தசம் ஒம்பது." அப்புறம், "ஒங்களுக்கு மனசு நோகுமெண்டுதான் உம்மா ஒருத்தரும் சொல்லல்ல," என்றாள்.

கமீலா போனை எடுத்துப் பழைய குறூப்பைத் திறந்தாள். ஆறு மாதமாக ஆள் இல்லாத வீட்டில் தனியாகக் காவல் இருந்திருக்கிறோம் என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. மகன் போனபோது வராத ஒரு கோபம் வந்தது. அவனோடு சேர்த்து அவளையும் அடக்கிவிட்டார்களா?

திங்கட்கிழமை, பாடசாலை விட்டு ஆட்கள் போகும்வரை கேற்றுக்கு வெளியே நின்றாள். பிறகு உள்ளே போனாள். விளையாட்டு அறையில் ஜெஸீம் சேர் மட்டும் இருந்தார். அட்டைப் பெட்டி ஒன்றுக்குள் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். ஏழு மாதத்தில் ஆள் பாதியாகியிருந்தார், சட்டை தோளில் தொங்கியது. அவளைக் கண்டதும் சட்டென்று எழும்பிக் கதிரையைத் துடைத்துப் போட்டார்.

சண்டை பிடிக்க என்றே வந்தவள் அவள். உட்காராமலே கேட்டாள்.

"நான் இருக்கக்குள்ள ஒங்களுக்கெல்லாம் சந்தோசப்பட ஏலாதெண்டுதானே வேற குறூப் தொடங்கின?"

"ஓம் ராத்தா," என்றார் ஜெஸீம் சேர். "பொய் சொல்லல்ல. அதுக்காகத்தான்."

அவர் மெதுவாகச் சொன்னார். ஜனவரியில் முதல் பயிற்சி முடிந்ததும் பழைய பழக்கத்தில் செய்தி எழுதினாராம். இன்று வருகை இத்தனை பேர், எல்லாரும் சுகமாகக் கரையேறினார்கள் என்று எழுதி, அனுப்பப் போன நேரத்தில் கமீலாவின் பெயர் கண்ணில் பட்டதாம். எல்லாரும் சுகமாகக் கரையேறினார்கள் என்று அந்தத் தாய்க்கு எப்படி அனுப்புவது? அழித்துவிட்டார். மற்றப் பெற்றோரும் அதையேதான் சொன்னார்கள். அவளை நீக்கினால் அது அவளுக்குத் தெரியவரும், புதிதாக ஒன்று தொடங்கினால் தெரியாது என்று நினைத்தார்கள்.

"எனக்கி வேற என்ன முகம் இரிக்கி ராத்தா? அவர அந்தத் தண்ணிக்குள்ள இறக்கின ஆள் நான். நான்தான் காலையில விசில் ஊதிக் கூப்பிட்ட." அவர் அட்டைப் பெட்டியைக் காட்டினார். தானாகவே இடமாற்றம் கேட்டு எழுதினாராம். கிடைத்துவிட்டது. இந்தத் தவணையோடு தெற்கே தூரத்தில் ஒரு சின்னப் பாடசாலைக்குப் போகிறார். அங்கே ஓட்டமும் பந்தும் பழக்கலாம், இனி ஒரு பிள்ளையையும் தண்ணீரில் இறக்குவதில்லை என்று நிய்யத்து வைத்திருக்கிறார்.

கமீலா கதிரையில் இருந்தாள். கொண்டுவந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. சொல்லாமல் போய்விடலாம் என்று ஒரு கணம் நினைத்தாள். ஏழு மாதம் சொல்லாமல் இருந்தவளுக்கு அது ஒன்றும் புதிதல்ல. ஆனால் அந்தச் சட்டை தொங்குகிற தோளைப் பார்த்துக்கொண்டு எழும்ப முடியவில்லை.

"சேர், அவர் வயலுக்கும் போன," என்றாள்.

ஜெஸீம் சேர் விளங்காமல் பார்த்தார்.

"காய்ச்சல் வாறதுக்குப் பத்து நாளைக்கு முன்ன. குதிகாலுல பெரிய வெட்டுக் காயம். ஏலாதெண்டு சொன்ன புள்ளைய ஏசி அனுப்பின நான். அந்த வாய்க்காலத் தாண்டித்தான் போன. டொக்டர் கேட்டாரு, வயலா ஆறா எண்டு. நான் ஆத்த மட்டும் சொன்ன. பொறகு வந்தவங்கட்டயும் ஆத்த மட்டும்தான் சொன்ன."

வெளியே யாரோ மணியை அடித்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஜெஸீம் சேர் எழும்பி வெளியே போனார். குழாயடியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. நிற்காமல் கேட்டுக்கொண்டே இருந்தது. திரும்பி வந்தபோது முகமும் சட்டையின் முன்பக்கமும் நனைந்திருந்தன. அவர் உட்காரவில்லை.

"ஏழு மாசம் ராத்தா," என்றார். குரல் உயரவில்லை. "என்ட உம்மா சனத்துட கதைக்குப் பயந்து கடைத்தெருப் பக்கம் போறல்ல. ஏழு மாசம்."

கமீலா தலையை ஆட்டினாள். அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. அவரும் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. கடைசியில் அவர், ஆறாகவும் இருக்கலாம், அது இப்போதும் தெரியாதுதான் என்றார். அவளுக்குச் சொல்வது போலவும் இருந்தது, தனக்குத்தானே சொல்வது போலவும் இருந்தது.

வீட்டுக்கு வரும்போது அஸர் பாங்கு சொல்லியாகிவிட்டது. அபுல் ஹஸன் தொழுதுவிட்டு முற்றத்தில் கதிரை போட்டு இருந்தார். இந்தப் போகம் அவர் விதைக்கவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் தண்ணி போதாது என்று சொன்னார். பக்கத்துப் பூமிக்காரர்கள் அதே வாய்க்கால் தண்ணீரில் விதைத்த பயிர் பச்சை பிடித்து நின்றது. கமீலா அவரைக் கேட்டதில்லை. அந்த வீட்டில் வயல் என்ற சொல்லே ஏழு மாதமாக வரவில்லை.

அவர் முன்னால் நிலத்தில் இருந்துகொண்டு, ஜெஸீம் சேரிடம் சொன்னதை ஒன்றும் விடாமல் சொன்னாள். போத்தல் ஓட்டுக் காயத்தையும், தான் ஏசிய சொல்லையும் சொன்னாள். அவர் எழும்பி அடித்திருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அபுல் ஹஸன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"காலுல காயம் இருந்தது எனக்கித் தெரியா," என்றார். "அவன் சொல்லல்ல."

பிறகு சொன்னார். "அண்டைக்கு ஒரு ஆள் குறைவு. சேத்த மட்டப்படுத்தப் பலகை இழுக்கணும். சோறு வெச்சிட்டுத் திரும்பினவன நான்தான் கூப்பிட்டு இறக்கின. ரெண்டு மணித்தியாலம் சேத்துக்குள்ள நிண்டான். கழுவிட்டுப் போ மகன், உம்மா ஏசுவாண்டு சொல்லி அனுப்பின."

ஆஸ்பத்திரியில் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது துக்கத்தால் என்றே அவள் இதுவரை நினைத்திருந்தாள். அவர்கள் இரண்டு பேரும் ஒரே கேள்விக்கு முன்னால் நின்று, ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் ஒரே பதிலை விழுங்கியிருக்கிறார்கள். அவள் அவருடைய முழங்காலில் தலையை வைத்தாள். அபுல் ஹஸன் அவள் தலையில் கை வைத்தார். பிள்ளையின் ஜனாஸாவை எடுத்த நாளில்கூட அவர் சத்தமாக அழவில்லை. அன்று அழுதார். றிபா உள்ளேயிருந்து ஓடி வந்து, வாசலிலேயே நின்றுவிட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் அபுல் ஹஸன் பள்ளிவாசல் முன்றலில், ஆட்கள் கலைவதற்கு முன், ஜெஸீம் சேரிடம் போய் இரண்டு கையையும் பிடித்தார். என்ட புள்ளைய நான்தான் வயலுக்குள்ள இறக்கின, இந்த ஆளுக்குப் பின்னால ஒருத்தரும் கதைக்க வேணாம் என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். ஒரு கடிதமும் எழுதிக் கல்வி அலுவலகத்துக்கும் சுகாதாரப் பரிசோதகருக்கும் கொடுத்தார். பரிசோதகர் நல்ல மனிதர். வாசித்துவிட்டு, இது முதலிலேயே தெரிந்திருந்தால் வயற்பக்கத்து ஆட்களுக்கும் அப்போதே எச்சரிக்கை கொடுத்திருப்போமே என்று மட்டும் சொன்னார். அந்தச் சொல் அபுல் ஹஸனை அறைந்ததைப் போல் இருந்தது. ஆற்றுத் தடையை எடுக்க முடியாது, ஆற்றில் இல்லை என்பதற்கும் அத்தாட்சி இல்லையே என்றார். இடமாற்றத்தையும் ஒருவராலும் நிறுத்த முடியவில்லை. அந்த இடத்துக்கு வேறு ஆசிரியர் நியமனமாகிவிட்டார். ஜெஸீம் சேரும் நிறுத்தும்படி கேட்கவில்லை.

ஓகஸ்டில், தவணை முடிய மூன்று நாள் இருக்கும்போது, கமீலாவின் போனில் ஒரு சத்தம் வந்தது. புதிய குறூப்பில் அவளைச் சேர்த்திருந்தார் ஜெஸீம் சேர். சேர்த்துவிட்டு, அதன் கீழே தன் கடைசிச் செய்தியைப் போட்டிருந்தார். நான்கு வருடத்துக் கழகத்தின் கணக்கு அது. நீந்தப் பழகியவர்கள் எழுபத்தொரு பேர். வலயத்தில் பதினாறு பதக்கங்கள், மாகாணத்தில் இரண்டு. அதில் முதற் பதக்கம் பெற்றவர் அப்ராஸ், முதல் தங்கம் பெற்றவர் பஸால். இரண்டு பெயரும் அடுத்தடுத்த வரியில், இரண்டு நேரத்தோடும். வேறு யாருக்கும் எழுதுவது போலவே அவனுக்கும் 'பெற்றவர்' என்று எழுதியிருந்தார்.

வழமையாக இப்படி ஒரு செய்தி வந்தால் பத்து நிமிடத்தில் முப்பது பேர் மாஷா அல்லாஹ் போடுவார்கள். அன்று ஒருவரும் போடவில்லை. அவளுடைய பெயர் குறூப்பில் வந்துவிட்டதை எல்லாரும் கண்டுவிட்டார்கள் என்று அவளுக்கு விளங்கியது. விலகிவிடலாம் என்று நினைத்தாள். பெருவிரல் அந்த இடத்துக்குப் போய் நின்றது. பிறகு எழுதத் தைரியமில்லாமல் குரலில் பதிந்தாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும். நான் அப்ராஸ்ட உம்மா கமீலா கதைக்கிறன். என்ட மகன் ஆத்துல மட்டும் இறங்கல்ல, எங்கட வயலுக்குள்ளயும் இறங்கின. அத நாங்க மறைச்ச. ஜெஸீம் சேருல நாங்க போட்ட பழிய மன்னிச்சிக்கோங்க. ஒங்கட புள்ளைகள்ற செய்திய எனக்கித் தெரியாம வைக்க வேணாம். கேட்டா நான் அழுவன்தான். கேக்காட்டியும் அழுறன்தானே. பஸாலுக்கு மாஷா அல்லாஹ்."

இரண்டு பேர் குறூப்பை விட்டுப் போனார்கள். ஒரு வாப்பா, இவ்வளவு காலம் ஒரு மனிசன்ட மானத்தோட விளையாடியிருக்கீங்க, அல்லாஹ் கேப்பான் என்று எழுதினார். அவர் எழுதியதில் தவறில்லை என்று கமீலா நினைத்தாள். அரை மணித்தியாலம் கழித்துச் சித்தி லைலா போன் எடுத்தாள். "ராத்தா" என்றாள். இரண்டு பேரும் போனைக் காதில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார்கள்.

ஜெஸீம் சேர் போய்விட்டார். போகும்போது சொல்லிக்கொள்ள வரவில்லை. அவர் அங்கே தண்ணீர்ப் பக்கமே போவதில்லை என்று ஒருநாள் றிபா கேள்விப்பட்டு வந்து சொன்னாள். கமீலாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

கழகத்தைப் பொறுப்பெடுத்த புதியவர் செய்தியைச் சுருக்கமாகத்தான் போடுவார். பெயர், தூரம், நேரம், அவ்வளவுதான். ஒக்டோபரில் தேசிய மட்டம் நடந்தது. பஸால் போனான். இறுதிப் போட்டியில் ஆறாமிடம், நேரம் 28.3.

அந்தச் செய்தி வந்தபோது அபுல் ஹஸன் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு புறப்பட்டுக்கொண்டிருந்தார். பெரும்போகத்துக்கு வரம்பு கட்ட வேண்டிய நாள். காலில் முழங்கால் வரை இழுத்துப் போடுகிற றப்பர் சப்பாத்து. கமீலா வாசலுக்கு வந்து செய்தியை அவருக்கு வாசித்துக் காட்டினாள். அவர் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, இன்னொரு தரம் வாசி என்றார். அவள் வாசித்தாள்.

"இருந்திருந்தா அவனும் போயிருப்பான்," என்றார் அபுல் ஹஸன்.

"ஓம்," என்றாள் கமீலா.